வெள்ளத்தில் மிதக்காத படகு

ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள் காலையில் அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் என்னென்னவோ மிதந்தன. பிளாஸ்டிக் டிரம், காலி கேஸ் சிலிண்டர், ஒற்றைச் செருப்புகள், தென்னை மட்டைகள், யார் வீட்டிலிருந்தோ வந்த மணைப்பலகை. மிதக்க வேண்டிய ஒன்று மட்டும் மிதக்கவில்லை. தோட்டத்து மூலையில் 13 வருஷமாகத் தார்ப்பாய்க்கடியில் கிடந்த படகு.

2024 நவம்பர் 30 ராத்திரியை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். புயல் கரைக்கு வந்தும் நகராமல் நின்று பெய்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. காலையில் தோட்டத்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். தார்ப்பாய் கிழிந்து படகுக்குள்ளும் மழைநீர் தளும்பிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் இருந்தால் எப்படி மிதக்கும் என்று நினைத்து, நானும் பையனும் பக்கெட்டால் ஒன்றரை மணி நேரம் இறைத்தோம். கடைசியில் துணி போட்டுப் பிழிந்து எடுக்கும் அளவுக்குக் காலியாகிவிட்டது. படகின் முன்பக்கம், இங்கே அணியம் என்பார்கள், லேசாக எழும்பி ஆடியது. பின்பக்கம் அசையவே இல்லை. யாரோ அடியில் படுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. அதற்குள் மெத்தை, அலமாரி, மிக்சி என்று ஆயிரம் கவலை. ஆனாலும் பல் தேய்க்கும்போதும் பேங்க் வரிசையில் நிற்கும்போதும் இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு படகு, அதுவும் ஓட்டை எதுவும் கண்ணில் படாத படகு, காலியாக இருந்தும் ஏன் மிதக்கவில்லை?

வெள்ளத்தில் கெட்டுப்போனதை எல்லாம் எடுத்துப் போகப் பழைய இரும்புக்காரர் வந்தார். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிய காலம் போய், இப்போது ஸ்பீக்கர் வைத்த குட்டி யானையில் வருகிறார்கள். பீரோவை எடுத்தார், மோட்டாரை எடுத்தார், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட எடுத்தார். படகைக் காட்டினேன். ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, “ஃபைபரா? சும்மா குடுத்தாலும் வேணாம் சார்” என்றார். பிளாஸ்டிக்கை உருக்கலாம், இரும்பை உருக்கலாம், ஃபைபரை உருக்க முடியாது. ஃபைபர் என்பது கண்ணாடி இழையை ரெசின் என்ற பசையில் நனைத்து இறுக வைத்தது. அந்தப் பாலியெஸ்டர் ரெசின் ஒரு தடவை இறுகினால் இறுகியதுதான், சூடு போட்டால் கருகுமே தவிர இளகாது. கடலூரிலிருந்து காலாப்பட்டு வரை கரையில் நடந்து பாருங்கள், செத்த ஃபைபர் போட்டுகள் ஆங்காங்கே கவிழ்ந்து கிடக்கும். கட்டுமரம் என்றால் கடைசியில் அடுப்புக்காவது ஆகும். இது எதற்கும் ஆகாது, இருக்கிற இடத்தை விட்டும் போகாது.

ஆக, படகைச் சரிபண்ணும் இந்த வேலையை நான் ஆசையால் ஆரம்பிக்கவில்லை. தூக்கிப்போட வழியில்லாமல் ஆரம்பித்தேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், படகை நான் சரிபண்ணுவதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் எல்லோரும் ‘குடும்பச் சொத்தைக் காப்பாத்துற பிள்ளை’ என்று வாட்ஸப்பில் எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். அந்தப் பொன்னாடை ஃபைபர் தூசியை விட அதிகமாக அரித்தது.

காரு போட்டு

படகு என் தாய்மாமாவுடையது. மாமா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். பிரெஞ்சு ராணுவத்தில் 15 வருஷம் போட்டுவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். 1987-ல் சென்னையில் ஓர் ஏலத்தில் இந்த 15 அடிப் படகை எடுத்தார். மீன்பிடிக்கிற போட்டு இல்லை. முன்னால் கண்ணாடி, கார் மாதிரி ஸ்டியரிங், இரண்டு ரெக்சின் சீட்டு, பின்னால் தொங்குகிற என்ஜின். வம்பாகீரப்பாளையத்துப் பையன்கள் அதற்கு வைத்த பெயர் காரு போட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா, அத்தை, நான், ஒரு டிபன் கேரியர். அரியாங்குப்பம் ஆற்றில் இறக்கி, அரிக்கமேட்டுப் பக்கம் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, அலையாத்தி மரங்களை ஒட்டி மெதுவாக முகத்துவாரம் வரை போய்த் திரும்புவோம். கடலுக்குள் மாமா போனதே இல்லை. “ஆத்துக்கு அழகு, கடலுக்கு மரியாதை” என்பார்.

2009-ல் அத்தை போனார். அதற்குப் பிறகு மாமா படகைத் தொடவில்லை. 2011-ல் இடமில்லை என்று என் தோட்டத்துக்கு வந்தது. அந்த டிசம்பரிலேயே தானே புயல். பலாமரம் படகுக்கு ஒரு கை தள்ளி விழுந்தது. அதற்கு அப்புறம் தார்ப்பாய், ஓணான், ஒரு பருவத்தில் பூனைக் குட்டிகள்.

ஜனவரியில் வீராம்பட்டினத்திலிருந்து ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். ஒரு காலத்தில் கட்டுமரத்தில் போனவர். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் போட்டுகளைக் கொத்துக் கொத்தாகச் செய்தபோது, கூலிக்குப் போய் மேட்டு, அதாவது கண்ணாடி இழை விரிப்பு, ஒட்டக் கற்றுக்கொண்டவர். அந்த அவசரத்தில் செய்த சில படகுகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. “எண்ணிக் குடுக்க செஞ்சது தம்பி, ஏறிப் போக செஞ்சது இல்ல.” ஆனால் மாமாவின் படகைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. விளிம்பைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தார். “இது நிதானமா செஞ்சது” என்றார்.

அப்புறம் ஒரு ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்துத் தட்ட ஆரம்பித்தார். அணியத்தில் டங், டங் என்றது. நடுவில் கொஞ்சம் மந்தமாக. பின்பக்கம் வரவர, பொத், பொத். பழுத்த பலாவைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். என்ஜின் மாட்டுகிற பின்பலகையில் காதை வைத்தே தட்டினார். நிமிர்ந்து, “தண்ணி குடிச்சிருக்கு தம்பி. நல்லா குடிச்சிருக்கு” என்றார்.

“ஃபைபர்ல எப்படிண்ணே தண்ணி ஏறும்?”

“ஃபைபர்ல ஏறாது. உள்ள இருக்கற கட்டையில ஏறும்.”

எனக்கு அதுவரை தெரியாத விஷயம் இது. ஃபைபர் போட்டு என்றால் முழுக்க ஃபைபர் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இந்த மாதிரிப் படகில் தளத்துக்கு அடியில் நீளவாக்கில் மரச்சட்டம் ஓடும். என்ஜின் பாரத்தைத் தாங்கப் பின்பலகைக்குள் ஒன்றரை அங்குல கனத்துக்கு ப்ளைவுட் இருக்கும். அதன் மேலும் கீழும்தான் கண்ணாடி இழை போர்த்தியிருப்பார்கள். தளத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில், படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க ஃபோம் நிரப்பியிருப்பார்கள். மூழ்காமல் இருக்க வைத்த அந்த ஃபோம்தான் வருஷக்கணக்கில் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வெள்ளத்தில் படகை எழும்பவிடாமல் அழுத்திப் பிடித்தது.

மரப் படகு என்றால் வருஷா வருஷம் கரையேற்றிப் பார்ப்பார்கள், இடுக்கில் பஞ்சு அடைப்பார்கள், எண்ணெய் போடுவார்கள். உளுத்தால் கண்ணுக்குத் தெரியும். ஃபைபருக்கு அழிவே கிடையாது என்ற நம்பிக்கையில் இதை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது: பொருள் கெட்டியாக இருப்பது பராமரிப்பவனுக்கு நல்லதா, கெட்டதா?

தளத்தைத் திறந்தோம்

கிரைண்டரில் கட்டிங் வீல் மாட்டி, தளத்தை ஓரத்தில் நாலு விரல் விட்டுச் சுற்றிலும் அறுத்தோம். ஃபைபர் அறுத்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தூசி வெள்ளையாக, அழகாக, மாவு சலித்த மாதிரி விழும். ஒவ்வொரு துகளும் ஒரு கண்ணாடி ஊசி. முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டிருந்தேன். சாயந்திரம் உடம்பு வலிக்கு இதமாக இருக்கும் என்று வெந்நீரில் தேய்த்துக் குளித்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். தேய்த்ததில் தோல்மேல் இருந்த ஊசி எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ராத்திரி முழுக்க முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் அரிப்பு. முதலில் தேய்க்காமல் பச்சைத்தண்ணீரை ஊற்றணும், அப்புறம்தான் சோப்பு என்று மேஸ்திரி மறுநாள் சொன்னார். இதோடு முடியவில்லை. அந்தச் சட்டையை மற்றத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். மூன்று நாள் வீட்டில் எல்லோரும் சொறிந்துகொண்டிருந்தார்கள். “ஏங்க, படகு உங்க மாமாவுது. அரிப்பு மட்டும் எதுக்கு எங்களுக்கு?” என்று கேட்டாள் மனைவி. பதில் இல்லை.

தளத்துக்கு அடியில் இருந்த ஃபோம் ஒரு காலத்தில் வெளிர் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். மேலாக அப்படித்தான் இருந்தது. கீழே போகப் போக டீத்தூள் நிறம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஸ்பாஞ்ச் மாதிரி ஒழுகியது. 2011-க்கு முந்தைய அரியாங்குப்பம் ஆற்றுத் தண்ணீரும் அதில் கொஞ்சம் இருந்திருக்கலாம். சாக்கில் அள்ளினோம். முதல் சாக்கைப் பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 31 கிலோ. காய்ந்த ஃபோம் என்றால் ஒரு சாக்கு இரண்டு கிலோகூட வராது. அப்படி ஒன்பது சாக்கு அள்ளினோம். வெள்ளத்தன்று படகைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

பின்பலகை

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

பின்பலகையை வெளிப்பக்கத்திலிருந்து உடைத்தால் படகின் வடிவமும் பெயின்ட்டும் போய்விடும். அதனால் உட்பக்க ஃபைபர் தோலை மட்டும் அறுத்தெடுப்பது என்று முடிவு. மேஸ்திரி அறுத்தார். நான் உளியை விட்டு நெம்பினேன். தோல் ஒரே துண்டாகக் கையோடு வந்தது. உள்ளே ப்ளைவுட் இருக்க வேண்டிய இடத்தில் ஃபில்டரில் மிச்சமாகும் காப்பித் திப்பி மாதிரி ஒன்று இருந்தது. கரண்டியால் வழித்து எடுத்தோம். புளிச்ச வாடை.

ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அதுதான் விசித்திரம். என்ஜினை மாட்டும் நாலு பெரிய போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மரம் மஞ்சளாக, காய்ந்து, புதுசு மாதிரி இருந்தது. உளியால் குத்தினால் இறங்கவில்லை. அந்த ஓட்டைகளின் உள்சுவரில் கண்ணாடி மாதிரி ஏதோ பூசியிருந்தது. மேஸ்திரி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “ஓட்டையப் பெருசா போட்டு, ரெசின் ஊத்தி அடைச்சு, காஞ்சப்புறம் அதுக்குள்ள திரும்ப ஓட்டை போட்டிருக்காங்க. போல்ட்டு கட்டையையே தொடல. யாரு செஞ்சது?” என்றார். மாமாதான். ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்தவர்.

வலது பக்கம் ஆறு சின்ன ஸ்க்ரூ ஓட்டைகள். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் கறுப்பு, விசிறி மாதிரி விரிந்து கீழே இறங்கியிருந்தது. ஆறு விசிறியும் ஒரு சாண் கீழே ஒன்றாகக் கலந்து, அங்கிருந்து பலகையின் அடி முழுக்கப் பரவி, மரச்சட்டத்தின் முனையைப் பிடித்து, அது வழியாகத் தளத்துக்கடியில் போயிருந்தது. யாராவது பாடம் நடத்தப் படம் வரைந்தால்கூட இவ்வளவு தெளிவாக வரைய முடியாது.

“இந்த ஓட்டைதான் குடும்பத்தக் கெடுத்தது. எந்த மடையன் போட்டானோ, சிலிகான்கூட வைக்கல” என்றார் மேஸ்திரி.

நான் பேசவில்லை. அந்த மடையன் நான்தான். 1996-ல், அத்தைக்கு முட்டி வலி வந்த புதிதில், தண்ணீரில் நிற்கும் படகில் ஏறச் சிரமப்படுகிறாரே என்று, சண்டே மார்க்கெட்டில் ஓர் அலுமினிய ஏணியை வாங்கிவந்து, மாமா ஊரில் இல்லாத ஒரு நாளில், வாடகைக்கு எடுத்த டிரில்லிங் மெஷினால் ஆறு ஓட்டை போட்டு மாட்டினேன். எனக்கு அப்போது 19 வயது. டிரில் உள்ளே இறங்கும்போது முதலில் வெள்ளைத் தூளும், அப்புறம் மஞ்சள் மரத்தூளும் வந்தது ஞாபகம் இருக்கிறது. ஃபைபரிலிருந்து ஏன் மரத்தூள் வருகிறது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மாமா திரும்பி வந்து ஏணியைப் பார்த்தார். ‘நல்லா இருக்குடா’ என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பதிமூன்று வருஷம் தார்ப்பாயில் போட்டதால்தான் படகு கெட்டது, பார்க்காமல் விட்ட மாமாவின் சோகம்தான் காரணம் என்று எனக்குள் ஒரு கதை வைத்திருந்தேன். இரக்கமான கதை, எல்லோரிடமும் சொல்லியும் இருந்தேன். மாமா ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, அத்தை டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளிலேயே, அவர்கள் காலுக்கடியில் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

மேஸ்திரி இல்லாத இரண்டு மாதம்

திறந்த படகை பிப்ரவரி, மார்ச் முழுக்க வெயிலில் காயப்போட்டோம். ஏப்ரல் 15-ம் தேதி மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான். ஃபைபர் வேலைக்காரர்களுக்கு அது தீபாவளி. மேஸ்திரியைத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்காரர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். போனில் மட்டும் வருவார். மீதியை நானே செய்தேன், தப்புத் தப்பாக.

முதல் தப்பு, அதிகம் படித்தது. பழைய ஃபைபரில் ஒட்டுவதற்குப் பாலியெஸ்டரை விட எபாக்ஸி என்ற இன்னொரு ரெசின் பலம் என்று படித்து, விலை ரெண்டு மூணு மடங்கானாலும் பரவாயில்லை என்று வாங்கிவிட்டேன். அது சரிதான். ஆனால் மேஸ்திரி விட்டுப்போன மேட்டையே அதில் நனைத்து ஒட்டினேன். மேட்டு என்பது நறுக்கின இழைகளைப் பசை போட்டு அப்பளம் மாதிரித் தட்டிவைத்தது. ரெசினில் நனைந்ததும் துவண்டு படிய வேண்டும். இது கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்து, மூலையில் அமுக்க அமுக்க எழும்பியது. போனில் கேட்டேன். “மேட்டுல இருக்கற பசை பாலியெஸ்டர்லதான் தம்பி கரையும். எபாக்ஸின்னா நெய்த துணி வாங்கணும்.” பிய்த்துப் போட்டுவிட்டுத் துணி வாங்கினேன். 12 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட், ஐஎஸ் 710 முத்திரை பார்த்து எடுத்தது, மூன்று பலகை. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பழைய வெளித்தோலின் உட்பக்கத்தில் வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். ஓரத்தை ஒரேயடியாக நிறுத்தாமல் சரிவாகத் தேய்த்து, அதன் மேல் துணியை ஏற்றினேன். அஞ்சு மில்லி கனத்துக்கு ஆறு சென்டிமீட்டர் சரிவு என்று மேஸ்திரி கணக்கு. துணி நனையும்போது பார்க்கணும். வெள்ளையாக இருப்பது ரோலர் போகப் போகக் காணாமல் போகும், அடியில் இருக்கும் மரத்தின் ரேகை தெரியும். வெள்ளையாகவே நின்றால் அங்கே காற்று மாட்டியிருக்கிறது, திரும்ப உருட்டணும். ஒரு மத்தியானம் முழுக்க அந்த வெள்ளைப் புள்ளிகளைத் துரத்திக்கொண்டிருந்தேன். சமீபத்தில் அவ்வளவு நிம்மதியாக இருந்த நேரம் வேறு இல்லை.

இரண்டாவது தப்பு அக்னி நட்சத்திரத்தில். தளத்துக்குப் பாலியெஸ்டர்தான். ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் கிலோவுக்கு 15 மில்லி என்று மேஸ்திரி சொன்னது ஜனவரிக் கணக்கு. மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு அதே அளவைக் குளியலறை மக்கில் கலக்கி வைத்துவிட்டு, மேட்டை வெட்டப் போனேன். திரும்பி வந்தபோது மக்கிலிருந்து புகை. ரெசின் இறுகும்போது சூட்டைக் கக்கும். பரப்பி ஊற்றினால் சூடு போய்விடும், குவித்து வைத்தால் தன் சூட்டில் தானே வேகும். மக்கின் அடி இளகி, உள்ளே இருந்தது வெடித்த கண்ணாடிக் கட்டியாகத் தரையில் உட்கார்ந்திருந்தது. தெருவே அந்த வாடையில் இருமியது. எதிர்வீட்டுப் பெரியவர் வந்து, நாங்கள் பெயின்ட் கம்பெனி ஆரம்பித்திருக்கிறோமா என்று மரியாதையாக விசாரித்தார். அப்புறம் காலை ஆறு மணிக்கே எழுந்து, அரை அரைக் கிலோவாகத் தட்டில் கலக்கினேன்.

செலவுக் கணக்கு நோட்டில் 68,000 வரை எழுதினேன். அதற்குமேல் எழுதவில்லை. மனைவியும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருந்தது.

ஜூலையில் மேஸ்திரி வந்து பார்த்தார். ஸ்பேனரை எடுத்துப் பின்பலகையில் தட்டினார். டங். இன்னொரு தடவை தட்டினார். ஒன்றும் சொல்லாமல் டீ கேட்டார். என்ஜின் போல்ட்டுக்கு நாலு ஓட்டையும் மாமா போட்ட முறையில்தான் போட்டோம். பெரிதாகப் போட்டு, அடைத்து, திரும்பப் போட்டு. அன்றைக்குத்தான் ஏணி விஷயத்தை அவரிடம் சொன்னேன். “தெரியும் தம்பி, அன்னிக்கே உங்க மூஞ்சில பாத்தேன்” என்றார்.

மாமாவிடம் சொல்லவில்லை. ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிவந்தேன். 83 வயது, ஒரு கண்ணில் பார்வை மங்கல். படகைப் பார்க்கவில்லை, தடவினார். அணியத்திலிருந்து ஆரம்பித்து, விளிம்பு வழியாகக் கையை ஓட்டிக்கொண்டே நடந்து, பின்பலகையில் வந்து நின்றார். போல்ட் ஓட்டைகளைச் சுண்டுவிரலால் பார்த்தார். பிறகு கை வலது பக்கம் போய், ஆறு ஓட்டை இருந்த இடத்தில் நின்றது. அங்கே இப்போது வழவழவென்று பட்டி பார்த்து அடைத்திருந்தது.

“ஏணி எங்கடா?”

“கழட்டிட்டேன் மாமா.”

கொஞ்ச நேரம் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“உங்க அத்தை ஒரு நாள்கூட அதுல ஏறுனது இல்ல, தெரியுமா? நீ பாக்கறப்ப அதைப் புடிச்சிக்கிட்டு நிப்பா. நீ அந்தாண்ட போனதும் என் தோளப் புடிச்சுதான் ஏறுவா. புள்ள ஆசையா மாட்டியிருக்கான், சொல்லாதீங்கன்னுட்டா.” கையைத் துடைத்துக்கொண்டார். “சரி, என்ஜின் எப்ப மாட்டுற?”